நட்சத்திரத்துக்கு ஒரு புது வெர்ஷன்

நான் யாரையும் கொன்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் கல்யாண வயசில் பையன் வைத்திருந்த அம்மாக்களில் பாதிப் பேர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்தது ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது. ஆகாது என்றால் வாய்ச்சண்டை வரும், ரசத்தில் உப்பு கூடும் என்கிற அளவில் இல்லை. மாமியார் போய்விடுவார். முகம் தெரியாத ஒரு பெண்மணியை நான் எப்படியோ தீர்த்துக்கட்டப் போகிறேன் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நானோ அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கரப்பான்பூச்சியைக்கூட விளக்குமாற்றால் தள்ளி வாசலில் விட்டுவிட்டு வருகிற ஆள்.

ஜாதகம் போகும், போன வேகத்தில் திரும்பி வரும். சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "பையனுக்கு அம்மா இல்லாத இடமா பாருங்கோ." ஒரு சித்தி ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். "நங்கநல்லூர்ல ஒரு இடம் இருக்கு. பையன் தங்கம். அம்மா போன தையிலதான் போயிட்டா, நல்ல வேளை!" என்றாள். நல்ல வேளையாம்! ஒருத்தி செத்துப்போனதை ஸ்வீட் கொடுக்காத குறையாகச் சொல்கிறார்கள், நான் சந்தோஷப்பட வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் சித்திக்குக் காபி கொடுக்காமல் உள்ளே போய்விட்டேன்.

இந்த நிலைமையில்தான் அப்பா ரிடையர் ஆன கையோடு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எனக்காக என்று பேர். கூடத்தில் கிழக்குப் பார்த்து வைத்து, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, அம்மாவின் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டார்கள். அதில் ஒரே ஒரு வேலைதான் நடந்தது. ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை அப்பா அதில் ஏற்றி வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் கட்டம் போட்டு, பிரிண்டரில் டர்ர்ர் என்று அடித்துக் கொடுப்பார். "மனுஷா தப்பு பண்ணுவா. கம்ப்யூட்டர் பண்ணாது" என்பது அவர் கொள்கை. என் ஜாதகத்தையும் அது கணித்தது. ஆயில்யம், நாலாம் பாதம், கடக ராசி. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதால் எனக்கு அப்பீலும் இல்லாமல் போயிற்று.

கம்ப்யூட்டர் வந்ததில் எனக்கு ஒரே ஒரு லாபம். அதை இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தி.நகரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் ஏன் சார் திடீரென்று நின்றுபோகிறது என்று கேட்டால், "தெரியலைங்க" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. நேராகப் போய் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அந்த அம்மா எங்களுக்குப் போன் போட்டார். "வர ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரோம். ஜாதகம் எடுத்து வைங்கோ."

ஜாதி சரி, கோத்திரம் வேறு, வேலை சரி. ஒரே பிள்ளை. ஒரே ஒரு கோளாறு, அம்மா உயிரோடு இருக்கிறார். அதுவும் நல்ல ஆரோக்கியமாக.

"நான் மறைக்க மாட்டேன்" என்றார் அப்பா. "கம்ப்யூட்டர் என்ன அடிக்கறதோ அதைத்தான் அவா கையில கொடுப்பேன். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ற வழக்கம் நம்மாத்துல இல்லை." உண்மை பேசுகிற அப்பாவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை யாரிடம் சொல்லி அழுவது!

மறுநாள் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க அப்பாவும் நானும் தி.நகர் போனோம். சாஃப்ட்வேரையும் அந்தக் கடையில்தான் வாங்கியிருந்தோம். கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும், "சார், உங்களைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். புது வெர்ஷன் வந்துகீது. பழசு வாக்கியம் சார். இது திருக்கணிதம். பழைய கஸ்டமருக்கு சும்மா. பாப்பாவோட டேட்டு டைமு சொல்லு சார், போட்டுக் காட்றேன்" என்றார்.

அப்பா என் பிறந்த தேதியும் நேரமும் சொன்னார். கடைக்காரர் தட்டினார்.

"மகம் சார். சிம்ம ராசி. இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிட்ச்சு? மகம் நல்ல நட்சத்திரம்தான சார்?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக ஒருத்தியைக் கொல்லப்போகிறவளாக இருந்தவள், ஒரு நொடியில் மகாராணி நட்சத்திரம். கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

விஷயம் இதுதான். பஞ்சாங்கத்தில் இரண்டு கட்சி. வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் என்பது வானத்தில் கிரகம் நிஜமாக எங்கே நிற்கிறது என்று திருத்திக்கொண்டு கணிப்பது. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற நேரத்தில் இரண்டுக்கும் சில சமயம் சில மணி நேரம் வித்தியாசம் வரும். அந்தச் சந்தில் பார்த்து நான் பிறந்திருக்கிறேன். அப்பா வீடு வாக்கியம். அம்மாவின் பிறந்தகம் திருக்கணிதம். கல்யாணமானதும் இனிஷியல் மாறின மாதிரி அம்மாவுக்குப் பஞ்சாங்கமும் மாறிவிட்டது. அந்த ஆத்திரம் அவளுக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டேதான் இருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன், எங்காத்துப் பஞ்சாங்கத்துல இவ மகம்னு. யார் கேட்டா?" என்றாள், நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாத நிலையில்.

"நட்சத்திரம் என்ன புடவையா, கடைக்குப் போய் மாத்திண்டு வரதுக்கு?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னேளே!"

"பண்ணாது."

"அப்போ பழைய கம்ப்யூட்டர் ஆயில்யம்னது, புதுக் கம்ப்யூட்டர் மகம்கறது. எது தப்பு?"

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில், கம்பெனிக்காரனே பழையதை மாற்றிப் புதிதாக அனுப்பியிருக்கும்போது அதைப் போடாமல் இருப்பதும் ஒருவகையில் பொய்தான் என்ற முடிவுக்கு வந்தார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா நல்ல நாள் பார்த்துத்தான் போடணும்" என்றார். வந்த உயிர் பாதி வழியில் நின்றது.

புது வெர்ஷன் இருந்த ஆறு ஃபிளாப்பிகளும் சுவாமி அலமாரிக்குப் போயின. முதலில் அஷ்டமி, அதற்கப்புறம் நவமி. சரி, போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் சந்திராஷ்டமம். நம் ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் இருக்கிற நாட்களில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. கடக ராசிக்கு சந்திரன் கும்பத்தில் இருந்தால் சந்திராஷ்டமம். அதுவும் கழிந்தது. காலையில் குளித்துவிட்டு, ஃபிளாப்பியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இரு, இரு" என்று ஓடி வந்தார் அப்பா. "இன்னிக்குச் சந்திரன் மீனத்துக்கு வந்துட்டான். இதைப் போட்டு முடிச்ச உடனே நீ சிம்ம ராசி ஆயிடுவே. சிம்மத்துக்கு மீனம்தான் சந்திராஷ்டமம்."

"அப்பா, இப்போ நான் கடகம்!"

"ஆரம்பிக்கும்போது கடகம். முடிக்கும்போது சிம்மம். ரெண்டு பேருக்கும் ஆகற நாளா இருக்கணுமோல்லியோ?"

ரெண்டு பேராம்! கூடத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் தேய்பிறை வேறு. புதிதாக ஒன்றை வைப்பதற்கு வளர்பிறைதான் உசிதம் என்று அப்பா இழுத்தார். அம்மா விடவில்லை. "ஆயில்யம் போகணுமா வேண்டாமா? போறதுக்குத் தேய்பிறைதானே நல்லது?" என்றாள். அப்பா அதையும் உட்கார்ந்து யோசித்தார். பழசை அழிப்பதற்குத் தேய்பிறை, புதுசை ஏற்றுவதற்கு வளர்பிறை, ஆனால் இந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறதே, நடுவில் ஒரு அமாவாசைக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அமாவாசை வருவதற்கு முன்னால் ராஜா அண்ணாமலைபுரத்து மாமி வந்துவிடுவார். அதற்குள் பிரிண்டர் மகம் என்று அடிக்காவிட்டால், எல்லாம் முடிந்தது. அவர் ஆயில்யம் என்பதைப் படிப்பார், எழுந்துகொள்வார், தி.நகர் வகுப்புக்கு நான் எந்த முகத்தோடு போவது?

"அவரைத் தவிர யாரையும் பண்ணிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள போடலைன்னா நானே பாத்துப்பேன்" என்று கத்திவிட்டேன். தெருவில் காய்கறிக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டார்.

கடைசியில் அப்பா நாள் குறித்தார். அதே ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் ஒன்றரைக்கு முடிகிறது. மூன்று மணிக்குக் குளிகை, அது முடிகிற நாலரைக்கு ராகு காலம். ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் போட்டுவிட வேண்டும். அவர்களை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லியாயிற்று.

சரியாக ஒன்றரைக்கு அம்மா கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினாள். நான் முதல் ஃபிளாப்பியைப் போட்டேன். கர்ர், கர்ர் என்று அது படிக்கத் தொடங்கியது. திரையில் ஒரு நீலக்கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அப்பா ஒரு கையில் பஞ்சாங்கமும் இன்னொரு கையில் கைக்கடிகாரமுமாகப் பக்கத்தில் நின்றார். இரண்டாவது போனது. மூன்றாவது போனது. நடுவில் கரண்ட் போய் வந்ததில் மறுபடி முதலிலிருந்து. நாலாவது ஃபிளாப்பியைப் போட்டபோது மணி மூன்று ஆகப்போகிறது. அப்போது பார்த்து, ஃபிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. கீழே மூன்று பொத்தான்: ரிட்ரை, இக்னோர், கேன்சல்.

நான் ரிட்ரைக்குப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குளிகை வந்துடுத்து!"

"வரட்டுமே!"

"குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். இப்போ ரிட்ரை அடிச்சேன்னா, ஆயுசுக்கும் அடிச்சுண்டே இருக்கணும்."

"அப்போ கேன்சல் பண்ணிடறேன்."

"ஐயையோ!" என்று அம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "கேன்சலா? குளிகையில கேன்சல் பண்ணினா அப்புறம் வரதெல்லாம் கேன்சல் ஆயிண்டே இருக்காதா?"

ஆக, ரிட்ரையும் கூடாது, கேன்சலும் கூடாது. இக்னோர் செய்தால் என்ன ஆகும் என்று சாஸ்திரத்தில் இல்லை. குளிகை முடிந்ததும் ராகு காலம், அது முடிந்ததும் மாமி வந்துவிடுவார். மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அம்மாதான் மெதுவாகக் கேட்டாள்: "கம்ப்யூட்டர்லயும் ஓரத்துல ஒரு கடிகாரம் ஓடறதே. அதை ரெண்டு மணிக்குத் தள்ளி வெச்சுட்டா, அதுக்குக் குளிகை இல்லைதானே?" அப்பா இதை மறுக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

கையை உதறிக்கொண்டு ரிட்ரை அடித்தேன். அதே பெட்டி வந்தது. மறுபடி அடித்தேன். அதே பெட்டி. மறுபடி, மறுபடி.

"சொன்னேனோல்லியோ?" என்றார் அப்பா. பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது, மனுஷருக்கு முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

ஃபிளாப்பியை வெளியே எடுத்து, ஊதி, புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போடா என்று இக்னோரை அழுத்தினேன். கோடு நகர்ந்தது. ஐந்தாவது கேட்டது, ஆறாவது கேட்டது, வெற்றிகரமாக முடிந்தது என்று சொன்னது. என் தேதியைத் தட்டினேன்.

நட்சத்திரம்: மகம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராசி: கடகம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடகத்தில் மகம் கிடையாது. மகம் என்றால் சிம்மம்தான். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் பட்டினப்பாக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னால் எப்படியோ, அப்படி. நாலாவது ஃபிளாப்பியில் இருந்த ராசி ஏறாததால் பழைய ராசியே தங்கிவிட்டது, மற்ற ஃபிளாப்பிகளில் இருந்த நட்சத்திரம் ஏறிவிட்டது. பழைய நட்சத்திரத்தையும் அது அழித்துவிட்டது. இப்போது நான் ஆயில்யமும் இல்லை, மகமும் இல்லை. எந்தப் பஞ்சாங்கத்திலும் பிறக்காதவள்.

"கம்ப்யூட்டர் அடிக்கறதைத்தான் கொடுப்பேன்னு சொன்னேன்" என்று அப்பா பரிதாபமாக முணுமுணுத்தபடி பிரிண்டரைப் போட்டார். அது டர்ர்ர் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாமி!" என்றாள்.

"ராகு காலம்! திறக்காதே" என்று அப்பா கிசுகிசுத்தார். "ஆறு மணி வரைக்கும் நாம ஆத்துல இல்லை."

வெளியிலிருந்து குரல் வந்தது. "உள்ள பிரிண்டர் சத்தம் கேக்கறதே. இருக்கேளா?"

நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். பருத்திப் புடவை, கையில் மல்லிகைப்பூப் பொட்டலம், நெற்றியில் வியர்வை. "ராகு காலத்துலதான் பஸ்ஸு காலியா இருக்கும். உட்கார இடம் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். "அவன் உங்களுக்குப் பயந்துண்டு ஆறு மணிக்கு வரேன்னுட்டான்."

அப்பா தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தார். கொடுத்த கையோடு, யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்தார். வாக்கியத்தில் ஆயில்யம், திருக்கணிதத்தில் மகம், இரண்டு சந்திராஷ்டமம், குளிகையில் கெட்டுப்போன நாலாவது ஃபிளாப்பி, எதையும் விடவில்லை. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல் இருந்தது. போயிற்று, அவ்வளவுதான் என்று மனசுக்குள் அழ ஆரம்பித்துவிட்டேன்.

மாமி கடைசிவரை கேட்டார். "ஆயில்யம்னா என்ன பண்ணும்?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை. அப்பா வாயால் சொல்லட்டும் என்று கேட்டார்.

"அது வந்து... மாமியாருக்கு அவ்வளவு சிலாக்கியமில்லைன்னு..."

"யாரு மாமியார்?"

"பொண்ணுக்கு வரப்போற மாமியார்."

"அது யாரு?"

அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"நான்தானே?" என்றார் மாமி. குரல் உயரவில்லை. "போகப்போறது நான். ராகுவைக் கேட்டேள், குளிகையைக் கேட்டேள், சந்திரனை ரெண்டு தரம் கேட்டேள். தி.நகர் கடைக்காரனைக்கூடக் கேட்டிருக்கேள். ராஜா அண்ணாமலைபுரம் என்ன காசியா? என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு பி.பி. இருக்கு. டாக்டர் ஊறுகாயை விடச் சொல்லி வருஷக்கணக்காறது. நான் விடலை. நாளைக்கு நான் போனேன்னா அந்த ஊறுகாயால போவேன். வயசாச்சு, அதனால போவேன். அதைக் கொண்டுபோய் இந்தப் பொண்ணு தலையில கட்டாதேங்கோ. என் சாவு என்னோடது, அதை யாருக்கும் தரதா இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உனக்கு எது வேணும், ஆயில்யமா, மகமா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுகைதான் வந்தது. அதன் நடுவிலேயே சொல்லிவிட்டேன்.

"எனக்கு நட்சத்திரமே வேண்டாம் மாமி. உங்க பிள்ளை போறும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமி எழுந்து வந்து, தன் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"போறுமான்னு நன்னா யோசிச்சுக்கோ" என்றார். "அவனுக்கு ஒரு துணியை உதறிக் காயப்போடக்கூடத் தெரியாது."